வெள்ளைக் கோட்டில் நின்ற ஓட்டக்காரன்: ஒரு பயிற்சிப் பருவத்தின் நிகழ்வு ஆய்வு

என் பயிற்சி நோட்டில் ஒரே வரி பதினொரு முறை வந்திருக்கிறது: "முடிவுக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டான்." ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை, சனிக்கிழமை தவறாமல் எழுதியிருக்கிறேன். ஏன் நின்றான் என்று ஓரிடத்திலும் இல்லை. நான்காவது முறைக்குப் பிறகு ஓரத்தில் "முனைப்பு போதாது" என்று சிவப்புப் பேனாவால் சேர்த்துவேறு வைத்திருக்கிறேன். ஓட்டக்காரனைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டப் புரட்ட, பாதிக்கு மேல் என்னைப் பற்றியதாகவே ஆகிவிட்டது.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் எழுத்தர். கல்லூரிக் காலத்தில் 400 மீட்டர் ஓடியவன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு நடுத்தர ஊரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் தன்னார்வப் பயிற்சியாளன். சனிக்கிழமை காலை ஆறரை முதல் எட்டரை வரை மைதானம். சம்பளம் கிடையாது. தலைமையாசிரியை தரும் சுக்குக் காபி உண்டு. எனக்குத் துணையாக அருகிலுள்ள அரசுப் பள்ளியின் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வருவார். இருவருக்குமாகப் பதினான்கு பேர். குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன் என்றாலும் ஊர், பள்ளி, ஆள் எதற்கும் பெயர் வைக்கவில்லை.

அவனுக்கு வயது பத்தொன்பது. மருத்துவச் சான்றிதழில் மிதமான அறிவுசார் குறைபாடு என்று இருக்கிறது. சிறுவயதில் வலிப்பு வந்ததால் காலையும் இரவும் மாத்திரை. நான்கு ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. மூன்று நான்கு சொற்களில் பேசுவான், அதுவும் பழகியவர்களிடம் மட்டும். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலர். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் அப்பாவோடு கம்பி ஏற்றப் போவான். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையில் சிவப்புத் துணி கட்டுவது அவன் வேலை. அந்த முடிச்சு அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இந்தத் துணி பின்னால் வரும்.

ஜூன் மாதம் அவன் ஓடியதைப் பார்த்ததும் நானும் பி.இ.டி. சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேப்பமரத்திலிருந்து சுற்றுச்சுவர் வரை ஓடச் சொன்னோம். தூரம் கிட்டத்தட்ட நூறு மீட்டர். செருப்பில்லாமல், கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, 18.6 விநாடியில் சுவரைத் தொட்டுவிட்டு, திரும்ப ஓடட்டுமா என்று கேட்டான். கையை வீசி ஓடக் கற்றுக்கொடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. "கையை வீசு" என்று நூறு முறை சொல்லியும் நடக்காதது, இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து "பாக்கெட்டிலிருந்து எடு, காதுக்குக் கொண்டுபோ" என்றதும் நடந்தது. எங்கள் வேலையில் சொல்லை விடச் செய்து காட்டுவது பலிக்கும், செய்து காட்டுவதை விடக் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது பலிக்கும். கையைப் பிடித்தால் மட்டும் போதாது, எப்போது விடுவது என்றும் தெரிய வேண்டும். ஜூலைக் கடைசியில் 17.4 வந்துவிட்டது.

அப்போதுதான், டிசம்பரில் சென்னையில் நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் (அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பு) மாநிலப் போட்டியை மனதில் வைத்து, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். எட்டு ஓடுபாதை, தொடக்கக் கோடு, முடிவுக் கோடு, எல்லாம் முறைப்படி. முதல் சனிக்கிழமையே அவன் முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் பயமும் இல்லை. பள்ளிப் பிரார்த்தனையில் நிற்பது போலக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றான். "ஓடு, ஓடு" என்று கத்தினோம். எங்களைப் பார்த்துச் சிரித்தான். நகரவில்லை.

நாங்கள் சந்தேகப்பட்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். களைப்பாக இருக்கலாம் என்று தூரத்தை எண்பதாக்கினோம், அறுபதாக்கினோம். கோடு எங்கே இருந்ததோ அங்கே நின்றான். இந்த ஒன்றே போதும், விடை கையில் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. மாத்திரையின் மந்தமோ என்று அம்மாவிடம் கேட்டோம். அளவு மாறவில்லை, மருத்துவரும் அதில் ஒன்றும் இல்லை என்றார். கண்ணாக இருக்குமோ என்று பரிசோதிக்க வைத்தோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை இருந்தது. பத்தொன்பது வயது வரை யாரும் கவனிக்கவில்லை. கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளைகளிடம் இப்படித்தான் கண்ணும் காதும் பல்லும் வருடக்கணக்கில் விட்டுப்போகின்றன. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1997-லிருந்து போட்டிகளோடு சேர்த்து இலவச உடல்நலப் பரிசோதனை நடத்தி வருவதன் காரணம் இதுதான். கண்ணாடி வந்தது. பின்னால் எலாஸ்டிக் கட்டிப் போட்டுக்கொண்டு ஓடினான். இன்னும் தெளிவாகக் கோட்டைப் பார்த்து, இன்னும் துல்லியமாக நின்றான்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை நோட்டில் இப்படி இருக்கிறது: "நேற்று இரவு நல்ல மழை. இன்று முழுதும் ஓடினான், 17.3. குளிர்ச்சிதான் காரணமோ?" மழை கோட்டை அழித்துவிட்டிருந்தது. அடுத்த வாரம் நானே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகச் சுண்ணாம்பு தூவினேன். அவன் நின்றான். "மறுபடியும் பழைய நிலை" என்று எழுதினேன்.

விடை மைதானத்தில் கிடைக்கவில்லை. போட்டிப் படிவத்தில் தலைமையாசிரியையின் கையெழுத்து வேண்டியிருந்ததால் ஒரு புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஆறு ஆண்டில் வேலை நாளில் நான் அங்கே போனது அதுவே முதல் முறை. மூன்றரை மணி. பள்ளி விடும் நேரம். வாசலுக்கு வெளியே பேருந்து போகும் சாலை, திருப்பத்தில் வருவதால் வண்டி வருவது தெரியாது. வாசலுக்கு உள்ளே, இரும்புக் கதவிலிருந்து நான்கடி தள்ளி, தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் காலைச் சேர்த்து நிற்கிறார்கள். ஆயாம்மா சாலையைப் பார்க்கிறார். கூட்டிப்போக வந்தவர்களைப் பார்க்கிறார். கையசைக்கிறார். ஒருவர் தாண்டுகிறார். அடுத்தவர் வந்து நிற்கிறார். நம்மவன் ஏழாவதாக வந்தான். ஒரு சாண் முன்னால் நின்றான். அதே கால், அதே சிரிப்பு.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். சனிக்கிழமை காலையில் வந்து போகிறவனுக்கு மற்ற ஐந்து நாள் தெரியாது. சனிக்கிழமையன்று பேருந்துப் பக்க வாசலைப் பூட்டிவிட்டு மைதானத்துப் பக்கக் கதவைத்தான் திறப்பார்கள்.

வகுப்பு டீச்சரிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கோட்டில் நிற்க வைக்க அவனுக்கு இரண்டு வருடம் ஆயிற்று சார். அதற்கு முன்னால் ஒரு நாள் பஸ் சக்கரத்துக்கு முன்னால் போய்விட்டான். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தான்." பிறகு கொஞ்சம் கறாராகவே சொன்னார்: "கோட்டைத் தாண்டு என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மைதானத்துக் கோடு வேறு, வாசல் கோடு வேறு என்று நமக்குத் தெரியும். அவனுக்கு நாளைக்கே குழம்பினால் யார் பொறுப்பு?"

அவர் சொன்னது சரி. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குப் பொருத்திக்கொள்வது இவர்களுக்குக் கடினம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். இங்கே அவன் கற்றதை மிக நன்றாகவே பொருத்திக்கொண்டிருந்தான். வாசலில் கற்றதை மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தான். ஓடுபாதையின் நெடுக்குக் கோடுகள் அவனைத் தடுக்கவில்லை, குறுக்கே வந்தது மட்டுமே தடுத்தது. போதாததற்கு நான் வேறு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தொடக்கத்தில் நின்று "கோட்டில் நில்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டில் நிற்க வேண்டும், அதே மாதிரி இன்னொரு கோட்டைப் பொருட்படுத்தக் கூடாது என்று ஒரே மூச்சில் எதிர்பார்த்திருக்கிறேன்.

மூவரும் உட்கார்ந்து பேசியதில், கோடு என்ற சொல்லையே முடிவில் பயன்படுத்துவதில்லை என்று முடிவாயிற்று. அவன் போய்ச் சேர வேண்டியது கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும், அது அவனுக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். அப்பாவின் சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது. டீச்சருக்கு அதிலும் ஒரு சந்தேகம்: சிவப்பு என்றால் நில் என்று சிக்னல் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறோமே? வகுப்பில் துணியைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பார்த்தார். "அப்பா வண்டி" என்றான். சிவப்பு வட்ட அட்டையைக் காட்டினார். "நில்" என்றான். இரண்டும் அவனுக்குள் தனித்தனி அறையில் இருந்தன. எங்களுக்கு நிம்மதி.

முதல் வாரம் கோடே போடாமல், நூறு மீட்டருக்கு அப்பால் பத்து மீட்டர் தள்ளி ஒரு கம்பை நட்டுத் துணியைக் கட்டினோம். கட்டியது அவன்தான். "துணியைத் தொடு" என்பது மட்டுமே கட்டளை. இரண்டாம் வாரம் முடிவுக் கோட்டின் இடத்தில் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு. வேகம் குறைந்தது, நிற்கவில்லை. மூன்றாம் வாரம் பாதிக் கோடு. நான்காம் வாரம் முழுக் கோடு. கோட்டருகே கண் ஒரு முறை தாழ்ந்து மேலே துணிக்குப் போனது எனக்குத் தெரிந்தது. தாண்டினான். 17.2. பி.இ.டி. சார் விசிலை ஊத மறந்துவிட்டார்.

ஒவ்வொரு திங்கள்கிழமையும் டீச்சர் வாசலில் நின்று கவனித்துக் குறிப்பு அனுப்புவார். நான்கு வாரமும் ஒரே குறிப்பு: "நின்றான்."

இந்த இடத்தில் போட்டி முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் சென்னையில் நடந்தது விளங்கும். 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னின்று தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கும் பாராலிம்பிக்ஸுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ள ஓட்டக்காரர்களுக்கு டி20 என்ற ஒரே பிரிவு. பாரிஸில் 2024-ல் தெலங்கானாவின் தீப்தி ஜீவாஞ்சி 400 மீட்டரை 55.82 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கியது அதில்தான். அங்கே உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கு மட்டும் இடம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் எட்டு வயது நிறைந்த யாரும் போட்டியிடலாம். முதலில் தகுதிச் சுற்று ஓட வைத்து, பாலினம், வயது, ஓடிய நேரம் பார்த்து, ஏறத்தாழ ஒரே திறன் உள்ளவர்களை மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவின் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி பதினைந்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழிகாட்டு நெறி. ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூவருக்குப் பதக்கம், நான்கு முதல் எட்டு வரை ரிப்பன்.

இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. தகுதிச் சுற்றில் மெதுவாக ஓடினால் எளிய பிரிவில் போய் விழலாம். அதனால்தான் எல்லாச் சுற்றிலும் முழு முயற்சியோடு ஓட வேண்டும் என்ற விதி, மீறினால் தகுதி நீக்கம். தகுதிச் சுற்று நேரம் உண்மைத் திறனைக் காட்டவில்லை என்றால், இறுதிக்கு முன்பே பயிற்சியாளர் எழுத்துமூலம் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர். சென்னையின் செயற்கை ஓடுபாதை. செம்மண் தரையில் ஓடியவனுக்கு அந்தச் செந்நிற ரப்பர் தரையே அதிசயம், குனிந்து தடவிப் பார்த்தான். தகுதிச் சுற்றில் கம்பு நட இடமில்லை. துணியை ஜன்னலோரம் வைத்திருந்த பையிலேயே விட்டுவிட்டேன், நான்கு வாரப் பயிற்சி போதும் என்ற நம்பிக்கையில். அவன் முன்னணியில் வந்தான். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் காலைச் சேர்த்து நின்றான். மற்ற நால்வரும் கடந்து போனார்கள். கோட்டருகே இருந்த நடுவர் என்ன ஆயிற்று என்று புரியாமல் கையை அசைத்தார். உடனே தாண்டினான். ஆயாம்மாவின் கையசைப்பு. 23.8 விநாடி.

பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த ஒருவர் நெகிழ்ந்து போய், "நண்பர்களுக்காகக் காத்திருக்கிறான், பாருங்கள்" என்றார். வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு நான்கு முறை வரும் கதையின் வேலை அது: ஒருவன் விழுந்ததும் எல்லா ஓட்டக்காரர்களும் திரும்பி வந்து கைகோத்து நடந்தார்கள் என்று. 1976-ல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் நடந்த ஒன்றை ஊதிப் பெருக்கியது அது. விழுந்தவருக்கு உதவ ஓரிருவர் திரும்பியது உண்மை, மற்றவர்கள் ஓடி முடித்தார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. எங்கள் பதினான்கு பேரும் ஜெயிக்கத்தான் ஓடுகிறார்கள். தோற்றால் பஸ்ஸில் திரும்பும் வரை ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

23.8 என்ற நேரத்துக்கு அவனை இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து விநாடி வரை ஓடுபவர்களின் பிரிவில் போட்டார்கள். பட்டியலைப் பார்த்த அம்மாவுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. "இதில் நம் பிள்ளைதானே சார் முதலில் வருவான்?" வருவான். ஐந்து விநாடி இடைவெளியில் வருவான். அவன் மெதுவாக ஓடவில்லை, ஏமாற்றவும் இல்லை, நின்றான். அதை யாரும் கேட்கப்போவதில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்த யோசனை எனக்குள் ஐந்து நிமிடமாவது இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சிட்னி பாராலிம்பிக்ஸில் 2000-ஆம் ஆண்டு ஸ்பெயினின் கூடைப்பந்து அணி அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் தங்கம் வாங்கியது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்குக் குறைபாடே இல்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குத் தண்டனை அனுபவித்தவர்கள் உலகம் முழுவதும் இருந்த உண்மையான வீரர்கள். 2012 லண்டன் வரை அவர்களுக்குப் பாராலிம்பிக் பதக்கப் போட்டி இல்லை. என் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் அந்தப் பிரிவில் 22.6 விநாடியில் ஓடிய பெயர் தெரியாத ஒரு பையனின் தங்கம் அது.

படிவம் வாங்கி 17.2 என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "குறுக்குக் கோட்டில் நிற்கும் பழக்கம், பள்ளிப் பாதுகாப்புப் பயிற்சியால் வந்தது" என்று எழுதினேன். மேசையில் இருந்த பெண் அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "எங்கள் பள்ளி வாசலிலும் இருக்கிறது" என்றார். பதினாறரை முதல் பதினெட்டரை வரை ஓடும் அறுவர் பிரிவுக்கு மாற்றினார். முடிவுக்கு அப்பால் துணியோடு நான் நிற்கலாமா என்று கேட்டேன். பயிற்சியாளருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே நிற்கும் கல்லூரித் தன்னார்வலர்களில் ஒருவர் பிடித்துக்கொள்வதில் தடையில்லை என்றார். ஒரு மாணவியிடம் துணியைக் கொடுத்து, பத்து மீட்டர் தள்ளி நிற்கவும், கட்டிப்பிடிக்க வேண்டாம், கையில் நீட்டினால் போதும் என்றும் சொன்னேன். ஓடி முடிப்பவர்களை வாரியணைப்பதற்கென்றே ஆள் நிறுத்துவது இந்தப் போட்டிகளில் பழைய வழக்கம். பத்தொன்பது வயது ஆண்மகனைக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவதை நான் எப்போதுமே தடுத்துவிடுவேன்.

இறுதிச் சுற்றில் அவன் தொடக்கத்தில் மூன்றாவதாக இருந்தான். எழுபது மீட்டரில் துணியைப் பார்த்துவிட்டான் போலும், கண்ணாடிக்குப் பின்னால் புருவம் உயர்ந்தது. கோட்டைக் கடந்தபோது கீழே பார்க்கவே இல்லை. 17.1. நான்காம் இடம். மாணவியின் கையிலிருந்து துணியை வாங்கி, அவள் விரலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். அவிழ்க்க அவள் கொஞ்ச நேரம் சிரமப்பட்டாள்.

அம்மா ரயிலில் விழுப்புரம் தாண்டும் வரை பேசவில்லை. பிறகு, "தங்கம் கையில் இருந்ததே சார்" என்றார். ஆமாம் அம்மா என்றேன். அவரைச் சமாதானப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் இதுவரை எதற்கும் பதக்கம் வந்ததில்லை என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். அவன் ரிப்பனைக் கண்ணாடியின் எலாஸ்டிக்கில் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டான்.

திங்கள்கிழமை டீச்சரிடமிருந்து வழக்கமான குறிப்பு வந்தது: "நின்றான். ஆயாம்மாவிடம் ரிப்பனைக் காட்டினான். கை காட்டிய பிறகே தாண்டினான்."

தொடக்கக் கோட்டில் இப்போது நான் "கோட்டில் நில்" என்று சொல்வதில்லை, தரையில் இரண்டு பாத அச்சு வரைந்து "காலை வை" என்கிறேன். தகுதிச் சுற்றுக்கும் துணி கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. ஜனவரியில் 200 மீட்டர் தொடங்கினோம். வளைவில் தன் பாதையை விட்டு நேராகப் போய்விடுகிறான். இந்த முறை ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அப்பாவோடு லோடு ஆட்டோவில் அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்து போகிறான் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.